விண்டோஸ் 11 போட்டதும் எஃப்8 படுத்துவிட்டதா?

மன்னார்குடிப் பக்கம் ஒரு நெல் வியாபாரியின் எடைமேடைக் கணினி. லாரி மேடையில் ஏறி நின்றதும் எடை திரையில் வரும். அங்கே வேலை பார்க்கும் பெண் எஃப்8 கீயை ஒரு தட்டுத் தட்டுவார். வண்டி எண், மொத்த எடை, வெற்று வண்டி எடை, 40 கிலோ சிப்பத்துக்கு எத்தனை சிப்பம் என்ற கணக்கு, எல்லாம் பில் மென்பொருளின் கட்டங்களில் தானாக விழும். ஆட்டோஹாட்கீ என்ற, கீ தட்டும் வேலையைத் தானாகச் செய்யும் மென்பொருளில் நான் எழுதிக் கொடுத்த சின்ன ஸ்கிரிப்ட்தான் (கட்டளைத் தொகுப்பு) அது. இரண்டு சம்பா, ஒரு குறுவை பார்த்துவிட்டது.

விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. குறுவை நெல் களத்தில் குவிந்து கிடக்கும் நேரம். அந்த வாரத்திலேயே அந்தக் கணினியை 11-க்கு ஏற்றியது என்னுடைய முதல் தப்பு. மறுநாள் காலையில் போன் வந்தது. "அண்ணே, எஃப்8 அடிச்சா ஒண்ணுமே வர மாட்டேங்குது. வெளியில ஏழு வண்டி நிக்குது. முதலாளி என்னையே பாக்குறாரு."

பிழைச் செய்தி எதுவும் இல்லை. ஸ்கிரிப்டின் பச்சை எழுத்துச் சின்னம் திரையின் மூலையில் சமர்த்தாக உட்கார்ந்திருந்தது. கீயை அடித்தால் மட்டும் கிணற்றில் போட்ட கல்.

கடையிலோ ஆலையிலோ இ-சேவை மையத்திலோ இப்படி ஒரு ஸ்கிரிப்டை நம்பி உட்கார்ந்திருக்கிற, அது உள்ளே எப்படி ஓடுகிறது என்று இதுவரை பார்த்திராத ஆளுக்காக இதை எழுதுகிறேன். ஆட்டோஹாட்கீ, ஆட்டோஇட், விண்டோஸ் 11-உடனேயே வந்துவிடும் பவர் ஆட்டோமேட், எதுவானாலும் கதை கிட்டத்தட்ட ஒன்றுதான்.

முதலில் மேடு பள்ளம்

நம் ஊரில் இதைச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். மேட்டு வயலிலிருந்து பள்ள வயலுக்கு மடையைத் திறந்தால் தண்ணீர் தானாகப் பாயும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறாது. ஏற்றித்தான் ஆக வேண்டுமென்றால் ஆயில் என்ஜினைக் கொண்டுவந்து வைக்க வேண்டும்.

விண்டோஸில் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு மட்டம் உண்டு. நீங்கள் சாதாரணமாக டபுள் கிளிக் செய்து திறப்பதெல்லாம் நடு மட்டம். 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' கொடுத்துத் திறந்தால் மேல் மட்டம். மேல் மட்டத்து நிரல் கீழே இருப்பதற்கு எழுத்தை அனுப்பலாம், பட்டனை அழுத்தலாம். கீழே இருப்பது மேலே இருப்பதை எதுவும் செய்ய முடியாது. அனுப்பிய எழுத்து வழியிலேயே காணாமல் போகும். தடுத்தோம் என்று விண்டோஸ் அனுப்பியவனுக்குச் சொல்வதும் இல்லை. பிழைச் செய்தி வராததற்குக் காரணம் இதுதான். இன்னும் ஒன்று: மேல் மட்டத்து ஜன்னல் முன்னால் இருக்கும்போது நீங்கள் எஃப்8 அழுத்துவதே கீழ் மட்டத்து ஸ்கிரிப்டின் காதுக்கு எட்டாமல் போகலாம்.

இந்தத் தடுப்புக்கு யூஐபிஐ என்று பெயர். "அனுமதி தரட்டுமா?" என்று திரையை மங்கலாக்கிக் கேட்கும் யூஏசி பெட்டியோடு சேர்ந்து 2007-ல் விஸ்டாவில் வந்தது. ஆக, இது விண்டோஸ் 11 கொண்டுவந்த புதுச் சட்டம் கிடையாது. பிறகு ஏன் 11-க்கு ஏற்றிய பின் இடிக்கிறது? ஏற்றும்போது யாரோ எதையோ மாற்றியிருப்பார்கள். பில் மென்பொருளை மறுபடி நிறுவ வந்தவர், "சில கணினியில் தகராறு பண்ணும், இப்படியே இருக்கட்டும்" என்று அட்மின் டிக்கைப் போட்டுவிட்டுப் போயிருப்பார். அல்லது பழைய விண்டோஸில் யூஏசியை எவரோ அடியோடு அணைத்து வைத்திருந்து, புதிதாகப் போட்டதில் அது மறுபடி விழித்திருக்கும். மன்னார்குடியில் நடந்தது முதலாவது.

கண்டுபிடிக்கும் முறை

நோட்பேடைத் திறந்து அதில் எஃப்8 அடியுங்கள். அங்கே எழுத்து விழுந்து, பில் மென்பொருளில் மட்டும் விழவில்லை என்றால் முக்கால்வாசி தீர்மானித்துவிடலாம்: மட்டம் வேறுபடுகிறது. நோட்பேடிலும் விழவில்லை என்றால் ஸ்கிரிப்டே ஓடவில்லை. அதற்குக் கீழே வருகிறேன்.

உறுதி செய்ய டாஸ்க் மேனேஜர். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். 'டீடெய்ல்ஸ்' பக்கத்துக்குப் போய், மேலே பத்தித் தலைப்பின் மீது ரைட் கிளிக் செய்து, 'செலக்ட் காலம்ஸ்' கொடுத்து, 'எலிவேட்டட்' என்பதை டிக் செய்யுங்கள். இப்போது ஒவ்வொரு நிரலுக்கு எதிரிலும் யெஸ் அல்லது நோ என்று இருக்கும். பில் மென்பொருளுக்கு யெஸ், ஸ்கிரிப்டுக்கு நோ என்று இருந்தால் நோய் தெரிந்துவிட்டது. எடை காட்டும் மென்பொருளையும் அப்படியே பாருங்கள். மூன்று நிரல் இருக்கிற இடத்தில் இரண்டை மட்டும் பார்த்துவிட்டு நான் அரை மணி நேரம் வீணாக்கியிருக்கிறேன்.

ஏற்றுவதற்கு முன் இறக்கிப் பாருங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் அவசரப்படுகிறார்கள். ஸ்கிரிப்டையும் அட்மினாக ஓட்டு, முடிந்தது கதை என்பார்கள். வேலை நடக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் பள்ள வயலுக்கு என்ஜின் வைக்கும் முன், அந்த இன்னொரு வயல் எதற்காக மேட்டில் இருக்கிறது என்று கேட்பது என் பழக்கம். பில் போடும் மென்பொருளுக்கு அட்மின் உரிமை எதற்கு? பெரும்பாலும் பதில், எதற்கும் இல்லை.

அதன் ஷார்ட்கட்டில் ரைட் கிளிக், 'பிராப்பர்ட்டீஸ்', 'கம்பாட்டிபிலிட்டி' பக்கம். 'ரன் திஸ் புரோகிராம் ஆஸ் அன் அட்மினிஸ்ட்ரேட்டர்' டிக் இருக்கிறதா பாருங்கள். அதே பக்கத்தின் அடியில் எல்லாப் பயனர்களுக்கும் மாற்றும் பட்டன் ஒன்று உண்டு, அதற்குள்ளும் பாருங்கள். 'ஷார்ட்கட்' பக்கத்தில் 'அட்வான்ஸ்டு' பட்டனுக்குள்ளே இன்னொரு டிக் ஒளிந்திருக்கும். மூன்று இடம். மூன்றையும் எடுத்துவிட்டு மென்பொருளை மூடித் திறங்கள்.

ஒரு நிமிடம். டிக்கை எடுக்கும் முன் டேட்டாவை பேக்கப் எடுங்கள். இதைச் சாதாரணமாகச் சொல்லவில்லை. பழைய 32-பிட் மென்பொருள்கள் பல, கணக்குக் கோப்பை 'புரோகிராம் ஃபைல்ஸ்' ஃபோல்டருக்குள்ளேயே வைக்கும். அங்கே எழுத அட்மினுக்குத்தான் உரிமை. சாதாரண மட்டத்தில் ஓடும் பழைய நிரல் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் அதை ஏமாற்றி, பயனரின் சொந்த ஃபோல்டருக்குள் 'வர்ச்சுவல்ஸ்டோர்' என்ற மறைவிடத்தில் எழுத வைக்கும். நிரலுக்கு வித்தியாசம் தெரியாது. அதே நிரலை அட்மினாகத் திறந்தால் இந்த ஏமாற்று வேலை நின்றுவிடும். அது நேராக 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே இருக்கும் கோப்பைப் படிக்கும்.

விளைவு என்ன தெரியுமா? ஒரே மென்பொருள், இரண்டு கணக்குப் புத்தகம். அட்மினாகத் திறந்தால் ஒரு கணக்கு, சாதாரணமாகத் திறந்தால் வேறு கணக்கு. "அண்ணே, நேத்து போட்ட பில்லெல்லாம் காணோம்" என்று அலறல் வந்தால், அழிந்துவிட்டது என்று பதறி எதையும் மறுபடி நிறுவாதீர்கள். மறைத்த ஃபோல்டர்களைக் காட்டச் சொல்லி, பயனர் ஃபோல்டரில் 'ஆப்டேட்டா', அதற்குள் 'லோக்கல்', அதற்குள் 'வர்ச்சுவல்ஸ்டோர்' என்று போய்ப் பாருங்கள். இரண்டு இடத்துக் கோப்புகளையும் தேதியோடு தனித்தனி ஃபோல்டரில் நகல் எடுத்த பிறகே அடுத்த அடி. எது புதியது என்று கோப்பின் தேதி சொல்லும்.

பிறகு, கணக்குக் கோப்பின் இடத்தை மாற்ற மென்பொருளில் வழி இருந்தால், டி டிரைவில் ஒரு ஃபோல்டருக்கு மாற்றுங்கள். வழி இல்லையென்றால், அந்த ஒரு டேட்டா ஃபோல்டருக்கு மட்டும் 'செக்யூரிட்டி' பக்கத்தில் பயனர்களுக்கு 'மாடிஃபை' உரிமை கொடுங்கள். சி டிரைவ் முழுக்கக் கொடுத்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு வாய்க்காலுக்குத் தண்ணீர் விட அணையையே உடைப்பது போலத்தான் அது.

மன்னார்குடிக் கணினியில் டிக்கை எடுத்ததோடு பிரச்சினை முடிந்தது. ஏழு வண்டி பன்னிரண்டாகியிருந்தது, அது வேறு விஷயம்.

இறக்க முடியாவிட்டால் என்ஜின் வைப்பது

சில மென்பொருள்கள் அட்மின் இல்லாமல் திறக்கவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும். அப்போது ஸ்கிரிப்டை மேலே ஏற்ற வேண்டியதுதான். தினமும் ரைட் கிளிக் செய்து ஏற்றுவது நடைமுறைக்கு ஆகாது. 'ஸ்டார்ட்டப்' ஃபோல்டரில் போடுவதும் உதவாது: அட்மின் கேட்கும் நிரலை லாகின் நேரத்தில் அங்கிருந்து விண்டோஸ் திறக்காது. இதற்கு டாஸ்க் ஷெட்யூலர், அதாவது சொன்ன நேரத்தில் நிரலைத் தானாகத் தொடங்கிவைக்கும் விண்டோஸின் சொந்தக் கருவி.

அதைத் திறந்து 'கிரியேட் டாஸ்க்' கொடுங்கள். 'கிரியேட் பேசிக் டாஸ்க்' வேண்டாம், அதில் நமக்கு வேண்டியவை நேரடியாக வராது. முதல் பக்கத்தில் பெயர் வைத்துவிட்டு, அடியில் 'ரன் வித் ஹையஸ்ட் பிரிவிலேஜஸ்' டிக் செய்யுங்கள். இதுதான் என்ஜின். அதற்கு மேலே இரண்டு தெரிவுகள் இருக்கும். 'பயனர் லாகின் செய்திருக்கும்போது மட்டும்' என்ற பொருளில் இருப்பதையே வைத்துக்கொள்ளுங்கள். லாகின் செய்யாவிட்டாலும் ஓடும் என்ற மற்றொன்று கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அதைத் தேர்ந்தால் உங்கள் ஸ்கிரிப்ட் திரையே இல்லாத ஒரு தனி அறையில் ஓடும். அங்கிருந்து உங்கள் பில் ஜன்னலைத் தொட முடியாது.

'டிரிக்கர்' பக்கத்தில் 'அட் லாக் ஆன்', கூடவே 30 விநாடி தாமதம். 'ஆக்‌ஷன்' பக்கத்தில் ஆட்டோஹாட்கீ நிரலையும், அதற்குக் கீழே ஸ்கிரிப்டின் முழு முகவரியை மேற்கோள் குறிக்குள்ளும் கொடுங்கள். 'ஸ்டார்ட் இன்' என்ற கட்டத்தை எல்லோரும் காலியாக விடுவார்கள். விடாதீர்கள். காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் தன் வீடு 'சிஸ்டம்32' ஃபோல்டர் என்று நினைத்துக்கொண்டு, தன் விலைப்பட்டியல் கோப்பை அங்கே போய்த் தேடும்.

அடுத்தது 'கண்டிஷன்ஸ்' பக்கம். டெல்டாவில் இருப்பவர்கள் இதை அவசியம் பார்க்க வேண்டும். மின் இணைப்பில் இருந்தால் மட்டும் தொடங்கு, பேட்டரிக்கு மாறினால் நிறுத்து என்ற இரண்டு டிக்குகள் ஏற்கெனவே போட்டிருக்கும். லேப்டாப் என்றால் கரண்ட் போன நொடியில் ஸ்கிரிப்ட் செத்துவிடும். டெஸ்க்டாப்தானே என்று நினைக்க வேண்டாம். யூபிஎஸ்ஸை யூஎஸ்பி ஒயரால் கணினியோடு இணைத்திருந்தால் விண்டோஸ் அதையும் பேட்டரியாகவே பார்க்கும். இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

'செட்டிங்ஸ்' பக்கத்திலும் ஒரு பொறி. மூன்று நாளுக்கு மேல் ஓடினால் நிறுத்து என்பது தானாகவே டிக் ஆகியிருக்கும். அறுவடைக் காலத்தில் கணினியை யார் அணைக்கிறார்கள்? நான்காம் நாள் ஸ்கிரிப்ட் நிற்கும், யாருக்கும் காரணம் தெரியாது. எடுத்துவிடுங்கள்.

முடித்ததும் கணினியை மறுபடி தொடங்கி, டாஸ்க் மேனேஜரில் 'எலிவேட்டட்' பத்தியில் ஸ்கிரிப்டுக்கு எதிரே யெஸ் வருகிறதா என்று பாருங்கள்.

இப்படி ஏற்றிய ஸ்கிரிப்ட் கோப்பை டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். அந்தக் கோப்பில் எவர் ஒரு வரி சேர்த்தாலும், அந்த வரி அட்மின் உரிமையோடு ஓடும். அட்மின் மட்டும் எழுதக்கூடிய ஃபோல்டரில் வையுங்கள்.

ஆட்டோஹாட்கீயை 'புரோகிராம் ஃபைல்ஸ்' உள்ளே முறையாக நிறுவியிருந்தால் 'யூஐ ஆக்சஸ்' என்று இடைப்பட்ட வழி ஒன்றும் உண்டு. ஸ்கிரிப்டுக்கு அட்மின் உரிமை வராது, ஆனால் மேல் மட்டத்து ஜன்னலுக்கு எழுத்து அனுப்பலாம். எனக்கு இது பிடிக்கும். பவர் ஆட்டோமேட்டில் அந்த வசதி இல்லை, அதையே அட்மினாகத் திறக்க வேண்டும்.

முதலாளியின் பாஸ்வேர்டு

வேலை செய்பவருக்குச் சாதாரணக் கணக்கு, முதலாளிக்கு அட்மின் கணக்கு என்று இருக்கும் இடங்களில் ஒரு குழப்பம் வரும். யூஏசி பெட்டி கேட்கும்போது முதலாளி வந்து தன் பாஸ்வேர்டைப் போடுவார். நிரல் ஓடும், ஆனால் முதலாளியின் கணக்கில் ஓடும். அதற்கு 'டாக்குமெண்ட்ஸ்' என்றால் முதலாளியின் டாக்குமெண்ட்ஸ். பில் பிடிஎஃப் எங்கே சேமித்தது என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். சாதாரணக் கணக்குக்கு டாஸ்க் ஷெட்யூலரில் என்ஜின் வைத்தாலும் பயனில்லை, அந்தக் கணக்குக்கு எட்டும் உயரம் அவ்வளவுதான். அப்படிப்பட்ட இடத்தில் மேலே சொன்ன இறக்கும் வழியே சரி.

ஸ்கிரிப்டை ஏற்றிய பிறகு வரும் புதுத் தொல்லை

ஆபீஸ் கணினியின் ஃபோல்டரை 'இசட்' டிரைவ் என்று இணைத்து வைத்திருப்பீர்கள். சாதாரண மட்டத்தில் இணைத்த அந்த டிரைவ், அட்மின் மட்டத்தில் ஓடும் நிரலின் கண்ணுக்குத் தெரியாது. எக்ஸ்ப்ளோரரில் இருக்கும், ஸ்கிரிப்ட் இல்லை என்னும். ஸ்கிரிப்டில் 'இசட்' என்று எழுதிய இடத்தில், இரண்டு பின்சாய்வுக் கோட்டில் தொடங்கும் முழு நெட்வொர்க் முகவரியை, அதாவது கணினிப் பெயர், பிறகு ஃபோல்டர் பெயர் என்று எழுதிவிடுங்கள். எக்ஸ்ப்ளோரரிலிருந்து கோப்பை இழுத்துப் போடுவதும் அட்மின் ஜன்னலில் நடக்காது. அதே மேடு பள்ளம்தான்.

அட்மின் சிக்கல் போலத் தெரிந்தும் அல்லாதவை

நோட்பேடிலும் எஃப்8 வேலை செய்யவில்லை என்று வந்தவர்களுக்கு இது. பழையதை 11-க்கு ஏற்றாமல் புதிதாக விண்டோஸ் போட்டு, மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்திருந்தால், பயனர் ஃபோல்டருக்கு உங்கள் மின்னஞ்சலின் முதல் ஐந்து எழுத்தே பெயராக வந்திருக்கும். ஸ்கிரிப்டில் பழைய பெயர் இருந்தால் அது வழி தெரியாமல் நிற்கும். ஒன்டிரைவ் பேக்கப்புக்குச் சம்மதித்திருந்தால் டெஸ்க்டாப்பே ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் குடிபோயிருக்கும். கோப்பைச் சேமிக்கும்போது மட்டும் "அனுமதி இல்லை" என்று வந்தால், விண்டோஸ் செக்யூரிட்டியில் ரான்சம்வேர் பாதுகாப்புப் பக்கத்தைப் பாருங்கள். 'கன்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ்' இயங்கிக்கொண்டிருந்தால், அங்கேயே உங்கள் நிரலை மட்டும் அனுமதிக்க இடம் உண்டு.

ஆட்டோஹாட்கீயின் 2.0 பதிப்பு 2022 டிசம்பரில் வந்தது, 1.1-க்கு எழுதிய ஸ்கிரிப்ட் அதில் அப்படியே ஓடாது. புதுக் கணினியில் புதுப் பதிப்பைப் போட்டுவிட்டு அட்மின் உரிமையைக் குறை சொல்ல வேண்டாம். கறுப்புத் திரை நிரலுக்கு எழுத்து அனுப்பும் ஸ்கிரிப்ட் என்றால், 11-ல் அந்தத் திரையை 'டெர்மினல்' என்ற வேறு நிரல் திறக்கும். பழைய ஜன்னலின் அடையாளத்தைத் தேடும் வரி தோற்றுப்போகும். எடை வருவதே நின்றிருந்தால் டிவைஸ் மேனேஜரில் காம் போர்ட் எண் (எடைக் கருவியின் ஒயர் சேரும் வாயிலின் எண்) மாறியிருக்கிறதா பாருங்கள். சில பழைய யூஎஸ்பி-சீரியல் ஒயர்களின் சிப்பைப் புது டிரைவர் ஏற்பதில்லை, ஒயரைத்தான் மாற்ற வேண்டும். டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரோடு பிறந்த பழைய டாஸ் கணக்கு நிரல்கள் 11-ல் எந்த உரிமை கொடுத்தாலும் ஓடாது: 11-க்கு 32-பிட் பதிப்பே கிடையாது, 64-பிட் விண்டோஸ் 16-பிட் நிரலை ஏற்காது.

செய்யக் கூடாதது

யூஏசி ஸ்லைடரைக் கீழே இழுத்துவிடு என்று சொல்லாத ஆளில்லை. விண்டோஸ் 7-ல் அடிமட்டம்வரை இழுத்தால் யூஏசி உண்மையிலேயே அணைந்தது, மேடு பள்ளமும் மறைந்தது. அந்த நினைவில் சொல்கிறார்கள். விண்டோஸ் 8 முதல் ஸ்லைடரை இழுத்தால் கேள்விப் பெட்டி மட்டும்தான் நிற்கும். மட்ட வித்தியாசம் அப்படியே இருக்கும். எஃப்8-ம் வேலை செய்யாது, காவலும் போய்விடும். ரெஜிஸ்ட்ரியில் போய் முழுக்க அணைக்கும் வழி இருக்கிறது. பணம் புழங்கும் கணினியில், அதுவும் அதே கணினியில் வங்கிக் கணக்கும் திறக்கிறவர்கள், அதைத் தேடவே வேண்டாம். யூஏசி பெட்டியில் 'யெஸ்' அழுத்த ஸ்கிரிப்ட் எழுத முயலவும் வேண்டாம். அது தனித் திரையில் வருவதே ஸ்கிரிப்ட் தொடக் கூடாது என்பதற்காகத்தான்.

இன்னும் 11-க்கு ஏற்றாதவர்களுக்கு: குறுவை, சம்பா அறுவடை இரண்டையும் விட்டுவிட்டு நாள் பாருங்கள். ஏற்றும் முன் டாஸ்க் மேனேஜரின் 'எலிவேட்டட்' பத்தி, காம் போர்ட் எண், ஷார்ட்கட்டின் மூன்று டிக் இடங்கள், ஆட்டோஹாட்கீ பதிப்பு எண் ஆகியவற்றை போனில் படம் எடுத்து வையுங்கள். ஏற்றிய பின் அந்தப் படங்களோடு ஒப்பிட்டால் பாதி வேலை முடிந்தது. ஏற்றி முடித்த பிறகும், மாதத்தின் இரண்டாம் செவ்வாய் இரவு நம் நேரத்துக்கு விண்டோஸ் அப்டேட் இறங்கும். புதன் காலை முதல் வண்டி மேடையில் ஏறும் முன், நோட்பேடில் ஒரு எஃப்8, பில்லில் ஒரு எஃப்8.